குன்னூர் மேகத்துக்குள் சோலார்: வருஷக் கணக்கும் நவம்பர் கணக்கும்

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஓய்வுக்குப் பிறகு நீங்கள் இருவரும், கூடவே உங்கள் அம்மாவும், வருஷம் முழுக்க அங்கேயே இருக்கப் போகிறீர்கள். பாதி நாள் மேகமும் மூடுபனியுமாக இருக்கிற இடத்தில் 3 கிலோவாட் சோலார் போட்டால் கரண்ட் வருமா, குளிக்க வெந்நீர் வருமா, இல்லை அதெல்லாம் கோயம்புத்தூர் வெயிலுக்கு மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. போட்ட பணம் வருஷக் கணக்கில் திரும்புமா என்பது ஒன்று. நவம்பரில் நாலு நாள் விடாமல் மூடிக்கொள்ளும்போது விளக்கு எரியுமா, அம்மா வெந்நீரில் குளிக்க முடியுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு என் பதில் ஆமாம். இரண்டாவதை சோலாரின் தலையில் மட்டும் கட்டக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பிக்கொண்டவர்கள்தான் பிறகு 'சோலார் மலைக்கு ஒத்துவராது' என்று சொல்லித் திரிகிறார்கள்.

நான் மின் பொறியாளன். மேட்டுப்பாளையத்தில் இருந்துகொண்டு இருபது வருஷமாக நீலகிரியில் சோலார் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், வீடு இன்னும் கட்டி முடியவில்லை என்றீர்களே, அதனால்.

மேகம் இருந்தால் பேனல் வேலை செய்யாது என்பது தவறு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். நேர் வெயிலில் ஒரு சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 1000 வாட் ஒளி விழும். மெல்லிய மேகத்தில் அது 300, 400 ஆகும். எதிரே இருக்கிற சில்வர் ஓக் மரமே தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கினால் 100, 150 வாட் கிடைக்கும். பேனல் அந்த விகிதத்தில் குறைத்துத் தரும், நின்றுவிடாது. இதற்குச் சாட்சி வேண்டுமானால் ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே 1 கிலோவாட் பேனல் வருஷம் முழுக்கச் சேர்த்து 900 முதல் 1000 யூனிட் தருகிறது. இங்கிலாந்திலும் ஏறத்தாழ அதே அளவுதான், கொஞ்சம் குறைவாக. நம் சமவெளியில் 1400, 1500 யூனிட் எடுக்கிறோம். அப்படியிருந்தும் ஜெர்மனி 2024 முடிவில் 100 கிகாவாட்டை ஒட்டி சோலார் நிறுவியிருந்தது. மேகத்தைக் காரணம் காட்டி அவர்கள் விட்டுவிடவில்லை.

ஆனால் ஜெர்மனி கணக்கை அப்படியே இங்கே தூக்கி வைக்கவும் முடியாது. அவர்களுடைய பிரச்சினையில் பாதி மேகம், மீதி பகல் நீளம். பெர்லினில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை, சூரியனும் தொடுவானத்தை ஒட்டியே நகர்ந்துவிட்டுப் போய்விடும். நீங்கள் இருப்பது 11 டிகிரி அட்சரேகை. உங்களுடைய மிகக் குறுகிய பகலே ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். ஆகவே உங்களுக்கு மேகம் மட்டும்தான் எதிரி, குளிர்காலம் எதிரி இல்லை. சொல்லப்போனால் குளிர் நண்பன். பேனல் சூடானால் உற்பத்தி குறையும். ஒரு டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம். கோவையில் ஏப்ரல் மதியம் பேனல் 60 டிகிரியைத் தாண்டும். குன்னூரில் அதே பேனல் இருபது டிகிரி குறைவாக இருக்கும், அதிலேயே ஆறு, ஏழு சதவீதம் மிச்சம். ஜனவரி, பிப்ரவரியில் மழை கழுவிவிட்ட வானத்தில் அடிக்கிற மலை வெயிலில், சமவெளியில் நான் பார்க்காத எண்களை இன்வெர்ட்டரில் (பேனல் தரும் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் பெட்டி) பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம், பலர் கவனிப்பதில்லை. மலையில் மேகத்துக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. காலை எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை பளிச்சென்று இருக்கும். நிலம் சூடாகிக் காற்று மேலேற ஆரம்பித்ததும் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் கிளம்பி மத்தியானத்துக்குமேல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் இதோடு இடிமழையும் சேரும். புத்தகப்படி பேனல் தெற்கு பார்த்து இருக்க வேண்டும். ஆனால் 11 டிகிரி அட்சரேகையில், 10, 15 டிகிரி சாய்வில், தெற்குக்கும் கிழக்குக்கும் வருஷ வித்தியாசம் சில சதவீதம்தான். காலை வெயில் உறுதி, மாலை வெயில் சந்தேகம் என்கிற இடத்தில் அந்தச் சில சதவீதமும் கரைந்துபோகும். அதனால் உங்கள் கூரையில் கிழக்குச் சரிவு இருந்தால் தயங்காமல் அதில் போடுங்கள். மேற்குச் சரிவில் மட்டும் போடச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சாய்வு பற்றி ஒரு வார்த்தை. மூடிய வானத்தில் ஒளி ஒரு பக்கத்திலிருந்து வருவதில்லை, வானம் முழுக்கப் பரவி வருகிறது. பேனல் எவ்வளவு மல்லாந்து படுக்கிறதோ அவ்வளவு வானத்தைப் பார்க்கும். அதற்காகச் சுத்தமாகப் படுக்கவைத்தால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். 10 டிகிரிக்குக் கீழே போக வேண்டாம். ஐரோப்பாவில் 35 டிகிரி வைக்கிறார்களே என்று யாராவது வீடியோவைக் காட்டினால், அது அந்த ஊர் சூரியனுக்கு.

இனி எண்ணுக்கு வருவோம். சமவெளியில் 1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு சராசரி 4 யூனிட் என்று போடுவோம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நான் வீட்டுக்காரர்களிடம் 3 முதல் மூன்றரை என்றுதான் சொல்வேன். அதற்குமேல் வந்தால் அவர்கள் சந்தோஷப்படட்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் 3 கிலோவாட் சராசரியாக 9, 10 யூனிட் தரும். நல்ல பிப்ரவரி நாளில் 14, 15கூட வரும். அடைமழை நாளில் 2, 3 யூனிட்தான். இந்த 2, 3ஐ நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவோம்.

இதில் எது நிச்சயம், எது இடத்தைப் பொறுத்தது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பேனல் மேகத்தில் விகிதப்படி குறையும் என்பதும், குளிரில் நன்றாக வேலை செய்யும் என்பதும் இயற்பியல், மாறாது. உங்கள் மனையில் மூன்றா மூன்றரையா என்பது அப்படி இல்லை. நீலகிரி ஒரே மாவட்டம், ஆனால் ஒரே வானம் கிடையாது. கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருப்பதால் அவர்களுக்கு அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைதான் கனம். ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ், உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ் என்ற இரண்டு இணையக் கருவிகள் இலவசமாக இருக்கின்றன, உங்கள் இடத்தைத் தொட்டால் மாதவாரியாக உற்பத்தி சொல்லும். பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் வேதவாக்காக எடுக்காதீர்கள். அவை செயற்கைக்கோள் படத்தை வைத்துப் போடும் கணக்கு. ஒரு மேட்டுக்கு இந்தப் பக்கம் மூடுபனி, அந்தப் பக்கம் வெயில் என்பதெல்லாம் அந்தப் படத்தின் கட்டங்களுக்குள் அடங்காது. பக்கத்து வீட்டில் சோலார் இருந்தால் அவருடைய இன்வெர்ட்டர் ஆப்பில் போன வருஷ எண்ணைக் கேளுங்கள். ஒரு டீ குடித்துக்கொண்டே கேட்டு வாங்கிவிடலாம், எந்தக் கருவியையும்விட அது நம்பகமானது.

வருஷக் கணக்கு சரியாக வர நெட் மீட்டர் வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் மிஞ்சுவதை மின்வாரிய லைனுக்குக் கொடுத்துவிட்டு, இரவிலும் மூடிய நாளிலும் திரும்ப எடுத்துக்கொள்கிறீர்கள். நம் வீட்டு பில் படிப்படியாக ஏறும் விகிதம் என்பதால், மேல்படியில் இருக்கும் யூனிட்டுகள் முதலில் குறையும்போது மிச்சம் அதிகம் தெரியும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மத்திய அரசு மானியம் அறிவித்தது. பேனல் இந்தியாவில் செய்த செல்லால் ஆனதாக இருக்க வேண்டும், லைனோடு இணைத்திருக்க வேண்டும். வெந்நீர் ஹீட்டருக்கு இந்த மானியம் கிடையாது. நெட் மீட்டர் கட்டணங்களும் மீதி யூனிட்டைக் கணக்கு முடிக்கும் விதமும் அவ்வப்போது மாறுபவை. கையெழுத்துப் போடும் வாரத்தில் உங்கள் பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது நவம்பர். மழையோடு காற்று அடித்து யூகலிப்டஸ் ஒன்று லைன் மேல் சாய்கிறது. கரண்ட் போகிறது. உங்கள் கூரையில் 3 கிலோவாட் பேனல் இருக்கிறது, வெளியே கொஞ்சம் வெளிச்சமும் இருக்கிறது, ஆனால் வீட்டில் ஒரு பல்புகூட எரியாது. லைனோடு மட்டும் சேர்ந்து ஓடும் சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் இல்லையென்றால் தானாகவே நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் உங்கள் வீட்டுக் கரண்ட்டில் அடிபடக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. விற்கும்போது இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு. ஒரு பெரியவர் மழையில் நனைந்துகொண்டு ஃபோன் செய்து, 'கரண்ட் போகக் கூடாதுன்னுதானய்யா ரெண்டு லட்சம் போட்டேன்' என்று கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவருக்கு வேறு யாரோ போட்ட சிஸ்டம்தான். ஆனால் அந்தக் கேள்வி யாருக்கும் வரும்.

ஆகவே மலையில், லைனோடும் பேட்டரியோடும் வேலை செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் ஒரு 5 யூனிட் கொள்ளளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும் போடச் சொல்கிறேன். ஃபிரிட்ஜ், எல்இடி விளக்குகள், வைஃபை, ஃபோன் சார்ஜ், டிவி எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை யூனிட்டுக்குள் அடங்கும். நெஞ்சில் வைக்கச் சொன்ன அந்த 2, 3 யூனிட் இங்கேதான் பயன்படுகிறது. மூடிய நாளில்கூட பேனல் தருவது ஏறத்தாழ இந்தச் செலவுக்குச் சரியாக வரும், பேட்டரி இடைவெளியை நிரப்பும். இப்படி நாலு நாள் தள்ளிவிடலாம். கீசர், இண்டக்ஷன் அடுப்பு, ரூம் ஹீட்டர் இவற்றை பேட்டரி பக்கம் இணைக்கவே கூடாது. வயரிங் செய்யும்போதே 'அவசரச் சுற்று' என்று தனி டிபி (சுவிட்ச் பெட்டி) போடச் சொல்லுங்கள். பேட்டரியை வீட்டுக்குள் வையுங்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அந்த வகை பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது; குன்னூரில் அந்த நிலை அரிது, ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனி இரவுகளில் வெளி ஷெட்டில் வரலாம்.

பேட்டரிக்கு ஆகும் பணம் பில்லில் திரும்பாது. நெட் மீட்டர் இருக்கும்போது பேட்டரி என்பது காப்பீடு மாதிரி. வருஷத்தில் எத்தனை நாள் கரண்ட் போகிறது என்று அக்கம்பக்கம் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி வெந்நீர். சமவெளியில் கரண்ட் பில்லைத் தூக்குவது ஏசி. மலையில் ஃபேன்கூட வேண்டாம், அங்கே பில்லைத் தூக்குவது கீசர். கணக்குப் பாருங்கள். மூன்று பேர் குளிக்க, பாத்திரம் கழுவ, ஒரு நாளைக்கு 150 லிட்டர். குழாயில் வரும் தண்ணீர் 15 டிகிரி, உங்களுக்கு வேண்டியது 42. இந்த 27 டிகிரியை ஏற்ற 4.7 யூனிட், இழப்பையும் சேர்த்தால் ஐந்து. வீட்டின் மற்ற எல்லாச் செலவையும் கூட்டினால்கூட இதைத் தாண்டுமா என்பது சந்தேகம். அதனால் வெந்நீரை எப்படிச் சுட வைப்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம்தான் எத்தனை கிலோவாட் பேனல் என்று யோசிக்க வேண்டும். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சோலார் வாட்டர் ஹீட்டருக்கும் பேனலுக்கும் மேகத்தில் நடத்தை வேறு. பேனலுக்கு ஒளி பாதியானால் கரண்ட் பாதி. ஹீட்டருக்கு அப்படி இல்லை, அதற்கு ஒரு வாசல்படி உண்டு. அது வெயிலில் சம்பாதிக்கும்போதே குளிர்காற்றில் செலவும் செய்துகொண்டிருக்கிறது. தட்டைத் தகடு வகையை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் 45 டிகிரி, வெளியே 15 டிகிரி என்றால் ஒரு சதுர மீட்டரிலிருந்து ஏறத்தாழ 120 வாட் வெப்பம் காற்றில் போகும். விழும் ஒளியில் முக்கால் பங்கைத்தான் அது பிடிக்கிறது. ஆக, ஒளி 160 வாட்டுக்குக் கீழே இறங்கினால் வரவைவிடச் செலவு அதிகம். மூடுபனியில் இருப்பதே 100, 150தான் என்று மேலே சொன்னேன். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகையில், இரண்டு கண்ணாடிக்கு நடுவே காற்றே இல்லாததால், அதே நிலையில் இழப்பு பாதிக்கும் குறைவு. அதனால் அரை மேகத்தில், 250 வாட் ஒளியில், தட்டைத் தகடு சதுர மீட்டருக்கு 65, 70 வாட் சேர்க்கும்போது குழாய் வகை 100ஐத் தாண்டும். உங்கள் ஊரில் வருஷத்தில் அதிகமாகக் கிடைப்பது இந்த அரை மேகம்தான், ஆகவே குழாய் வகை.

இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் குன்னூரில் ஒரு டீச்சரம்மா வீட்டில், கோவையில் போடுகிற மாதிரியே 200 லிட்டர் தட்டைத் தகடு போட்டுக் கொடுத்தேன். மார்ச்சில் போட்டது, மே வரை புகழ்ந்தார். நவம்பரில் கூப்பிட்டார். மொட்டைமாடிக்கு ஏறினேன். தொட்டியிலிருந்து ஒரு சொம்பில் பிடித்து என் கையில் ஊற்றி, 'தம்பி, இது வெந்நீரா, இல்ல நேத்து வெந்நீரா இருந்ததா?' என்றார். தெர்மாமீட்டர் 23 டிகிரி காட்டியது. அதற்குமேல் அந்தத் தகட்டால் அன்றைக்கு ஏற்றியிருக்க முடியாது. காசைப் பாதி விட்டுக்கொடுத்து மாற்றினேன்.

ஆனால் குழாய் வகை போட்டால் நவம்பரில் கொதிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கடும் மூடுபனியில் அதுவும் குளிக்கத் தண்ணீர் தராது, ஏழெட்டு டிகிரி ஏற்றினால் பெரிது. கடையில் 100 லிட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள், எத்தனை குழாய் என்று எண்ணுங்கள். 58 மில்லிமீட்டர் விட்டமும் 1800 மில்லிமீட்டர் நீளமும் உள்ள குழாயில், 100 லிட்டருக்குப் பத்துக் குழாய் என்பது சமவெளிக் கணக்கு. மலையில் பதினைந்து வைக்கச் சொல்வேன். உங்களுக்கு 150 லிட்டர் தொட்டி, 20 முதல் 22 குழாய். இப்படிக் குழாயைக் கூட்டினால் பிப்ரவரியில் தண்ணீர் அளவுக்குமேல் சுடும், அதற்குப் பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டை அளவாக்கும் வால்வு ஒன்று வைத்துவிட்டால் போதும். அம்மா இருக்கிற வீட்டில் அந்த வால்வு எப்படியும் வேண்டும்.

தொட்டிக்குள் 2 கிலோவாட் மின் காயில் ஒன்று உதவிக்கு வைத்துத் தருவார்கள். மலையில் அதில்லாமல் முடியாது. ஆனால் அதை எப்போது போடுவது என்பதில்தான் சோலாரின் லாபமே இருக்கிறது. பல வீடுகளில், சூடானதும் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட் இருக்கிறதே என்று சுவிட்சை நாள் முழுக்கப் போட்டே வைத்திருப்பார்கள். காலை ஐந்து மணிக்குக் குளித்ததும் காயில் வேலையைத் தொடங்கி ஏழு மணிக்குள் தொட்டியை 50 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும். எட்டரைக்கு வெயில் வரும்போது சூரியனுக்குச் செய்ய வேலை இல்லை. பில் குறையவில்லை என்று புகார் வரும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது இந்தச் சுவிட்சைத்தான். ஒரு டைமர் போடுங்கள். வெயில் தன்னால் ஆனதைச் செய்து முடித்தபின், மாலை நாலரை ஐந்துக்கு மேல் ஒரு மணி நேரம், தேவைப்பட்டால் விடியற்காலை இன்னொரு மணி நேரம், அவ்வளவுதான். மூடுபனி நாளில்கூட 15இல் இருந்த தண்ணீர் 22க்கு வந்திருந்தால் காயிலின் வேலையில் கால்வாசி குறைந்துவிட்டதே, அதுவும் வருஷக் கணக்கில் சேரும்.

வெதுவெதுப்பான தண்ணீரை நாலைந்து நாள் தொட்டியில் அப்படியே விட்டுவைக்க வேண்டாம். 25 முதல் 45 டிகிரி வரை லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளர வசதியான வெப்பம். ஷவரில் தெறிக்கும் நுண்ணிய துளிகளோடு மூச்சில் போனால் நிமோனியா வரலாம், வயதானவர்களுக்கு ஆபத்து அதிகம். மேகமூட்டமான வாரங்களில் வாரத்துக்கு ஒரு முறையாவது தொட்டி முழுவதையும் காயிலால் 60 டிகிரிக்குக் கொண்டுபோங்கள்.

இப்போது உங்களுக்கு நான் கொஞ்சம் வேறு மாதிரி யோசிக்கச் சொல்லப் போகிறேன். சோலார் வாட்டர் ஹீட்டரே வைக்காமல், பேனலைக் கூட்டி, ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் போடுவது. ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி, வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கும். 15 டிகிரிக் காற்றிலும் 1 யூனிட் கரண்ட்டுக்கு இரண்டரை யூனிட் வெப்பம் தரும். உங்கள் 5 யூனிட் வெப்பத்துக்கு 2 யூனிட் கரண்ட். அதைச் சராசரியாகத் தர 1 கிலோவாட்டுக்கும் குறைவான பேனல் போதும். மூடிய நாளில் லைனிலிருந்து எடுக்கும்போதும் அதே 2 யூனிட்தான், காயில் மாதிரி 5 இல்லை. பிப்ரவரியில் மிஞ்சும் வெப்பத்தை சோலார் வாட்டர் ஹீட்டர் வீணாக்கும். பேனல் மிச்சத்தை நெட் மீட்டர் வாங்கிக்கொள்ளும். குழாய் வகை நேர் வெயிலில் பேனலைவிடத் திறமையானதுதான், விழும் ஒளியில் அறுபது சதவீதத்துக்குமேல் பிடிக்கும், பேனல் 20, 22 சதவீதம்தான். அப்படியிருந்தும் மேக ஊரில், நெட் மீட்டர் உள்ள வீட்டில், வருஷக் கணக்கு பேனலும் ஹீட் பம்பும் பக்கமே சாய்கிறது என்பது என் கருத்து. எல்லா இன்ஸ்டாலர்களும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அதில் குறையும் உண்டு. சத்தம் போடும், படுக்கையறைச் சுவரில் மாட்டாதீர்கள். ஊட்டி மாதிரி 5 டிகிரிக்குக் கீழே போகும் இடத்தில் அதன் வெளிப்பக்கக் காயிலில் பனி படிந்து அடிக்கடி உருக்க வேண்டியிருக்கும், குன்னூரில் அந்தத் தொல்லை குறைவு. பழுதானால் மெக்கானிக் மேலே ஏறி வர வேண்டும். வாங்குமுன் அந்த நிறுவனத்துக்கு மலையில் சர்வீஸ் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள், மற்ற கேள்விகளைவிட இது முக்கியம். எப்போதாவது வந்து தங்கும் வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஹீட் பம்ப் அல்லது சாதாரண கீசர் என்பேன், ஏனென்றால் ஆள் இல்லாத வீட்டில் குழாய் வகை வெயிலில் காய்ந்து, தொட்டி வற்றி, பிறகு யாரோ வந்து பச்சைத் தண்ணீரைத் திறந்ததும் கண்ணாடி வெடிக்கும்.

அம்மா பழைய விறகு பாய்லரைக் கொண்டுவர வேண்டும் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கொண்டுவரட்டும். கவாத்து செய்த தேயிலைக் குச்சி கிடைக்கிற ஊரில், நாலு நாள் கரண்ட்டும் வெயிலும் இல்லாத நேரத்துக்கு அதைவிட நம்பகமான உபகரணம் என்னிடம் விற்பனைக்கு இல்லை. குளியலறைக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ மட்டும் வைக்காதீர்கள், புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு தெரியாமலே ஆளைக் கொல்லும். வெளியே, கூரை உள்ள திறந்த இடத்தில் வையுங்கள்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேனலின் கீழ் விளிம்பில் பாசி கட்டும். கையகலக் கோடுதான், ஆனால் கடைசி வரிசை செல்கள் மறைந்தால் பேனலின் பெரும் பகுதி உற்பத்தி போய்விடும். வருஷத்தில் மூன்று, நாலு முறை ஈரத்துணியால் துடையுங்கள், உலோகக் கம்பி பிரஷ் படக் கூடாது. குழாய் வகை வைத்தால் குரங்கு உடைக்காமல் இருக்க மேலே வலை போடுங்கள். ஒரு குழாயின் அடிமுனை கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருக்கும். அது பால் நிறமாக மாறியிருந்தால் வெற்றிடம் போய்விட்டது, மாற்ற வேண்டும். இடி அதிகமான இடம் என்பதால் டிசி (பேனல்) பக்கமும் ஏசி (வீட்டு லைன்) பக்கமும், திடீரென்று பாயும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பும் நல்ல எர்த்தும் கட்டாயம். பாறை நிலத்தில் எர்த் குழி சரியாக வராது, அளந்து காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் மனையை நான் பார்க்கவில்லை. கிழக்கே மேடு இருக்கிறதா, பக்கத்துத் தோட்டத்துச் சில்வர் ஓக் எவ்வளவு உயரம், பத்து வருஷத்தில் எவ்வளவு வளரும் என்பதெல்லாம் நேரில் நின்று பார்க்க வேண்டியவை. ஒரு வெயில் நாளில் கூரை மட்டத்தில் நின்று காலை எட்டரை, பதினொன்று, மூன்று மணிக்கு நிழல் விழும் இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். யாரை வேலைக்கு வைத்தாலும் அந்த மூன்று படத்தை முதலில் காட்டுங்கள். அவர் அதைப் பார்க்காமலே விலைப்பட்டியல் கொடுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கடைசியாக, கூரை காங்கிரீட் இன்னும் போடவில்லை என்றீர்கள். போடும் முன் இரண்டு வேலை செய்துவிடுங்கள். கூரையிலிருந்து மீட்டர் போர்டு வரை ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்றை வயருக்காகப் புதைத்து வையுங்கள், பிறகு சுவரை உடைக்க வேண்டாம். வெந்நீர் தொட்டியோ ஹீட் பம்போ எதுவானாலும் குளியலறைக்கு நேர் மேலேயோ ஒட்டினாற்போலோ இடம் ஒதுக்குங்கள். முக்கால் அங்குலக் குழாய் பதினைந்து மீட்டர் ஓடினால் அதற்குள் மட்டும் ஏறத்தாழ நாலு லிட்டர் தண்ணீர் ஆறிக் கிடக்கும், ஒவ்வொரு முறை குழாயைத் திறக்கும்போதும் அதைக் கொட்டித்தான் வெந்நீர் வரும். லைன் சிபிவிசியில் இருக்கட்டும், சாதாரண பிவிசி வெந்நீருக்குத் தாங்காது. மேலே கறுப்பு ரப்பர் உறையை இடைவெளி இல்லாமல் சுற்றச் சொல்லுங்கள். பிளம்பர் 'உள்ளே போற குழாய்க்கு எதுக்கு சார் உறை' என்பார். சுவருக்குள் போகும் பகுதிக்கும் சேர்த்துத்தான்.